கவிழ்த்து ஒட்டிய படங்கள்

மகள் ஜெனி, படத்தின் பின்புறம் பசை தடவித் தரும் கையடக்கமான ஸ்டிக்கர் கருவிக்குள் புகைப்படத்தைச் செருகி இழுத்தாள். பசையோடு வெளிவந்த படத்தைக் கண்டதும் வடிவம்மாளுக்குப் பகீரென்றது.

"ஏட்டி, பசை ஒன் மூஞ்சியிலல்லா ஒட்டியிருக்கு! நாளைக்குத் தென்காசிக் கண்காட்சியில இந்த ஆல்பத்தையா வைக்கப்போற? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்மா."

ஜெனி அடுத்த படத்தையும் கவிழ்த்தே செருகினாள்.

"கிறுக்கு புடிச்சிருக்கா? அருவிக்கரையில நீ அழகா நிக்கது தெரியவேண்டாமா?"

"அதெல்லாம் செல்போன்ல இருக்கு. நீ இதை வாசி."

ஆல்பத்தில் ஒட்டியிருந்த படத்தின் பின்புறத்தை வடிவம்மாள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"குத்தாலத்தில் என் மக ஜெனி."

அவளே பென்சிலால் எழுதி வைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஐயையோ! குற்றாலத்தைத் தப்பால்லா எழுதியிருக்கேன்!"

"இருக்கட்டும்மா. கண்காட்சி எனக்கில்ல, ஒங்க முதியோர் கல்வி வகுப்புக்கு. ஒங்க டீச்சர்தான் கேட்டாவ. போன வருசம் வரைக்கும் கைநாட்டு வச்ச பொம்பளையோட எழுத்தை எல்லாரும் பாக்கணுமாம்."

வடிவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த படத்தை மகளிடம் தானே கவிழ்த்து நீட்டினாள்.

"கோணாம ஒட்டுட்டி!"