பல்லில் கடித்த போல்ட்

காட்டுமன்னார்கோயில் பக்கம் மழை சற்றே ஓய்ந்திருக்கிறது. வயலில் தேங்கிய நீரை இறைத்துக்கொண்டிருந்த டீசல் இன்ஜினில் கருகல் வாடை வரவே, அதை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து ஆயில் மாற்றுகிறான் சார்லஸ். ஆயில் வடிய இன்ஜினின் அடியில் கழற்றிய போல்ட் சேற்றில் தொலைந்துவிடக் கூடாதென்று பல்லில் கடித்திருக்கிறான், எப்போதும் அப்படித்தான். பழைய ஆயில் கறுப்பாக, அவசரமே இல்லாமல் சட்டியில் சொட்டுகிறது. புது ஆயில் டப்பாவோடு நிற்கும் அவன் மனைவி பிரிசில்லாவின் கண் வயலை விட்டு நகரவில்லை. இப்போதுதான் வேர்பிடித்த நடவுப் பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. தண்ணீர் அதையும் தொட்டுவிட்டது. "சீக்கிரம் பாருங்க, முங்கிப்போவுது!" என்றவள், பொறுக்க மாட்டாமல் டப்பாவைச் சாய்த்துவிடுகிறாள். மேலே ஊற்றிய தேன்நிற ஆயில், மூடாத துளை வழியே அப்படியே சட்டியில் கொட்டுகிறது. "ஏய், நிறுத்துடி!" சார்லஸ் கத்திய வேகத்தில் வாயிலிருந்த போல்ட் சேற்றுநீருக்குள் விழுகிறது. அவள் டப்பாவை நிமிர்த்துகிறாள், பாதிதான் மிச்சம். இன்ஜின் ஓடாத அமைதியில், வரப்பு வழிந்து வயலுக்குள் இறங்கும் தண்ணீரின் சளசளப்பு துல்லியமாகக் கேட்கிறது. அவன் முழங்கை வரை சேற்றைத் துழாவுகிறான். அவளும் முட்டி போட்டுக் கையை விடுகிறாள். திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருக்கிறது அவளுக்கு. அவன் வாய் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. கைதான் சேற்றைத் துழாவிக்கொண்டே இருக்கிறது.