மலைக்குப் போகும் கழிசல்

“பளபளன்னு கவர் போட்டதெல்லாம் நம்ம வூட்டுக்கு. சிராய்ப்பு வுழுந்த எட்டும் மலைக்கு, எங்கம்மாவுக்கு. சரியா குப்பண்ணா?”

தனசேகரன் சொன்னதைக் கேட்டதும் குப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மலையிலிருந்து இறங்கி, கலசப்பாக்கத்தில் மாடி வீடு கட்டிவிட்டால் பெற்றவள் குப்பைத்தொட்டி ஆகிவிடுவாளா?

வராந்தாவில் இரண்டு தக்காளி டிரேக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு செல்கள், பெரிய செங்கல் அளவில். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டாம். பத்து வருடம் உழைக்குமாம். எட்டைக் கோத்தால் ஒரு பேட்டரி. பகலில் சோலார் தகடு நிரப்பி வைப்பதை, கரண்டு போனதும் வீட்டுக்குக் கொடுக்கும்.

ஒரு டிரேயில் இருந்தவை நீல உறையில் மின்னின. மற்றதில் உறை உரசிப்போய், ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் ஏதோ எண் கிறுக்கியிருந்தது. காயலான் கடையில் எடை போட்டு எழுதுவது அப்படித்தான் இருக்கும்.

“புதுசு நம்ம ஹால்லயே இருக்கட்டும்,” என்றாள் தனசேகரனின் மனைவி சசிகலா, உதட்டைச் சுழித்துச் சிரித்தபடி. “பாக்கறதுக்காவது லட்சணமா இருக்கும்.”

அந்தச் சிரிப்பைப் பார்க்கவே குப்பனுக்குச் சகிக்கவில்லை. அங்கே மலையில் தனசேகரனின் அம்மா சாந்தம்மாள் ஆக்சிஜன் மிஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். காற்றடித்தால் மரம் சாய்ந்து கம்பி அறும். திரும்பக் கரண்டு வர ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். போன மழைக்கு மிஷின் நின்றுபோய், அவளைக் கட்டிலோடு ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் குப்பனும் ஒருவன். அவளுக்கு வேண்டியது மூச்சு, இவர்களுக்கு டிவி. அதில் நல்லது டிவிக்காம்.

இதொன்றும் அவனுக்குப் புதிதில்லை. பதினெட்டு வருடமாக மினி லாரி ஓட்டுகிறான். கீழிருந்து மலைக்கு ஏற்றுவதெல்லாம் கழித்துப்போட்டதுதான். தேதி முடிந்த பிஸ்கட், ஓடித் தேய்ந்த மோட்டார், ஒட்டுப்போட்ட டயர். மலையிலிருந்து இறங்குவது மட்டும் முதல் தரப் புளியும் சாமையும். வியாபாரிகள்தான் அப்படி என்றால், சாந்தம்மாள் பெற்றதுமா? அவனிடம் பேசினால் தன் வாய்தான் நாறும் என்று குப்பன் ஊமையாக நின்றான்.

ஆபீஸிலிருந்து போன் வந்து தனசேகரன் உள்ளே போனான். குக்கர் விசில் கேட்டு சசிகலாவும் போய்விட்டாள். குப்பன் நீல டிரேயைத் தூக்கி லாரியில் வைத்தான். கிறுக்கல் டிரேயைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

போளூர் தாண்டுவதற்குள் தனசேகரன் மூன்று முறை போன் அடித்தான். “இன்னா, வலிக்குதா? வலிக்கட்டும்,” என்று சொல்லிக்கொண்டே குப்பன் போனை அணைத்து ஓரமாக எறிந்தான். ஜன்னல் வழியே ஒருமுறை காறித் துப்பினான். அப்புறம்தான் மனசு கொஞ்சம் ஆறியது.

மலையில் எலக்ட்ரீஷியன் தேவராஜ் காத்திருந்தான். எட்டையும் கோத்து, ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்துப் பார்த்தான். “எல்லாத்துலயும் வோல்ட்டு ஒரே மாதிரி காட்டுது. அருமையான சரக்குப்பா,” என்றான்.

ஐந்து மணிக்கு மேகம் கட்டிக்கொண்டு காற்று கிளம்பியது. ஊரே கரண்டு இல்லாமல் இருண்டது. சாந்தம்மாள் வீட்டில் மட்டும் மிஷின் நிற்காமல் ஓடியது.

“எம்புள்ள அனுப்பினதா குப்பா?” என்று அவள் மூச்சிரைக்கக் கேட்டாள்.

“ஆமா சின்னம்மா, அவந்தான்.” சொல்லும்போது வாயில் வேப்பெண்ணெய் ஊற்றியதுபோல இருந்தது. அந்தப் பயலுக்கு இந்த நல்ல பேரை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க அவனால் முடியவில்லை.

ஊருக்குள் டவர் எடுக்காது. வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறி, குப்பன் தனசேகரனுக்குப் போனைப் போட்டான்.

“இன்னாடா, புதுசு போச்சேன்னு வயிறு எரியுதா? பெத்தவளுக்குப் போய் கழிசல அனுப்பறியே, நீயெல்லாம் சோறுதான் தின்றியா?”

 தனசேகரன் அந்தத் திட்டைக் காதில் வாங்காமல் மெதுவாகக் கேட்டான். “அங்க கரண்டு இருக்குதாண்ணா?”

“போயி முக்கா மணி நேரமாவுது. உன் புது செல்லுலதான் உங்கம்மாவுக்கு மூச்சே ஓடுது.”

“ஐயோ அண்ணா, அது செத்த செல்லு. மீட்டர்ல வோல்ட்டு காட்டும், ஒரு மணி நேரங்கூட தாங்காது. பழசுக்குப் புதுக் கவர் சுத்திக் குடுத்து கடைக்காரன் எங்கள ஏமாத்திட்டான். மூணு வாரமா ஒவ்வொண்ணா சார்ஜ் ஏத்தி எறக்கிப் பாத்தேன்.” தனசேகரனின் குரல் உடைந்தது.

“தேறின எட்டுலயும் நம்பர் எழுதி அம்மாவுக்குத்தாண்ணா எடுத்து வெச்சிருந்தேன்.”