மிதிகல்

எல்லோரும் தன்னை மிதித்துப் போகவேண்டும் என்று கேட்டுத்தான் என் பூட்டனார் சந்தியாகு, மாதா கோயில் வாசலில் புதைபட்டார். மிதிபட்டு மிதிபட்டே கல்லறைக் கல்லில் அவர் பெயர் தேய்ந்துவிட்டது. புதிதாக வந்த பங்குச்சாமியார் அதன்மேல் கிரானைட் பதிக்கச் சொன்னார். நான் கல்லின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“எழும்பும் பாட்டையா. பேரே இல்லாத கல்லுக்கு எதுக்குக் காவலு?” என்றான் கொத்தன்.

“பேரு ஊர்க்காரன் உள்ளங்கால்ல இருக்குல. நீ வேலையப் பாரு.”

என்னைச் சுற்றிப் புதுத்தரை பளபளத்தது. பூசைமணி அடித்தது. வாசலில் சனம் நெருக்க, பூசை உடுப்போடு சாமியார் வந்து நின்றார்.

“வழிய விடுங்க ஐயா.”

நாற்காலியை நகர்த்திக் கல்லைக் காட்டினேன்.

“மிதிச்சிட்டுப் போங்க சாமி. எங்க குடும்பத்துக்கு அதுதான் மரியாதை.”

தூக்கிய காலை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.