பாதியில் நின்ற மருந்துப் பெயர்

மின்னி என்ற முயலுக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. அம்மா அவளை நாரை டாக்டரிடம் கூட்டிப் போனாள். மின்னி கிளிகளோடு படித்தவள். எவ்வளவு நீளமான இங்கிலீஷ் வார்த்தையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்.

"இவளுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா?" என்று நாரை கேட்டார்.

"ஒண்ணு இருக்குங்க. அமா... அமாக்... சி..." என்று அம்மா ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்தாள். காத்திருந்த அணில்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

மின்னிக்குக் காதெல்லாம் சுட்டது. "அப்படி எதுவும் இல்லை டாக்டர். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, ஏதோ உளறுறா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நாரை ஊசி போட்டார்.

சற்று நேரத்தில் மின்னியின் முகம் வீங்கி மூச்சுத் திணறியது. நாரை பதறிப்போய் மாற்று மருந்தைச் செலுத்தினார். உயிர் தங்கியது.

"இந்த மருந்துதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏம்மா முழுசாச் சொல்லலை?" என்று நாரை அம்மாவிடம் கேட்டார்.

"தப்பாச் சொன்னா பிள்ளைக்கு அவமானம்னு, மனசுக்குள்ளேயே மீதியைச் சேர்த்துப் பார்த்துக்கிட்டிருந்தேங்க. அதுக்குள்ள போட்டுட்டீங்க."

மின்னியால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூப்பிட நினைத்தாள். வீங்கிய உதடுகள் ஒத்துழைக்கவில்லை.

"அ... ம்..."

ஓர் அணில் களுக்கென்று சிரித்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.