இறுகிய சட்டை

"ஷரீபா, இங்க வந்து பாரு! இந்தச் சட்டையும் இறுகிப்போச்சு!"

கண்ணாடி முன் மார்பை விரித்து நின்று மனைவியைக் கூப்பிட்டான் மீரா சாகிப். கூட்டாளிகள் 'நோஞ்சான்' என்று சொன்ன நாள் முதல் தினம் இருநூறு தண்டால் எடுத்தான். தொந்தி விழுமென்று சோற்றையும் பாதியாக்கினான். இரண்டு முறை மயங்கி விழுந்தான். பிரெஞ்சு சர்க்கார் டாக்டர் அதட்டியும் கேட்கவில்லை.

"மாஷா அல்லா! இனிமே அம்பது தண்டால் போதும்ல மச்சான்?"

"போதும், போதும். ரொம்ப விரிஞ்சா சட்டை கிழிஞ்சிரும்!"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து, மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினான்.

நாகூரிலிருந்து வந்திருந்த ஷரீபாவின் அக்கா அவன் போவதையே பார்த்தாள்.

"மூணு மாசமா வளர்றாராமே! என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேடி?"

ஷரீபா கதவைச் சாத்திவிட்டு, தையல் மிஷினில் கிடந்த அவனுடைய இன்னொரு சட்டையை எடுத்துக் காட்டினாள்.

"வாரா வாரம் ரெண்டு பக்கமும் கொஞ்சம் உள்ள பிடிச்சுத் தைக்கிறேன்க்கா. அவர் மயங்கி விழறதைப் பார்க்க முடியல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி! இன்னும் எத்தனை நாளைக்குத் தைப்பே?"

"இனிமே தைக்க வேணாம்க்கா. இப்பதான் நல்லா சாப்பிடறாரே, தானா இறுகிடும்!"