அபிலாஷுக்குப் பதிலாக ஒருவன்

லோறென்ஸ்கூக் ஐஸ் ஹொக்கி அணிக்குப் புதிதாக யாரை எடுக்கலாம் என்று ஆதரவாளர் கூட்டத்தில் வாதம் சூடுபிடித்திருந்தது. ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். யோகராசா எழும்பினார்.

"இரண்டு இளம் வீரர்களைக் கொடுத்து, ஸ்தவாங்கர் அணியிலிருந்து அந்த நெட்டைப் பெடியனை எடுங்கள். அபிலாஷ் வெளியில் இருக்கட்டும். அவனுக்கு வேகம் காணாது."

மண்டபம் சிரித்தது. அபிலாஷ் அவருடைய மகன். அணியில் அவனைவிட வேகமானவன் இல்லை.

பக்கத்திலிருந்த நண்பர் கொன்ஸ்ரன்ரைன் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். "உனக்கென்ன விசரே? பெத்த பிள்ளையின்ரை சோத்திலை மண்ணள்ளிப் போடுறாய்!"

யோகராசா விடவில்லை. மோதப் பயப்படுகிறான், களைத்துப்போகிறான் என்று குறைக்குமேல் குறையாக அடுக்கினார்.

பயிற்சியாளர் கையை உயர்த்தினார். "புதிதாக யாரும் வேண்டாம். அபிலாஷ் போதும்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

காரில் காத்திருந்த மனைவி றஞ்சினி, ஏறி உட்கார்ந்த அவருடைய முகத்தைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள்.

"இன்னொருக்காத் தலையிலை அடிபட்டால் பிள்ளை தப்பமாட்டான் எண்டு டொக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாமே?"

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அவன் உன்ரை தலையிலை அடிச்செல்லோ சத்தியம் வாங்கினவன்!"

"என்ரை தலை போனால் போகட்டும். போய்ச் சொல்லுங்கோ!"

அவர் இறங்குவதற்குள் பின்கதவு திறந்தது. அபிலாஷ் முகமெல்லாம் சிரிப்பாக ஏறினான்.

"அப்பா, நீங்கள் குறைசொல்லச் சொல்ல பயிற்சியாளருக்கு ரோசம் வந்திட்டுதாம். சனிக்கிழமை மற்ற எல்லாரையும்விடக் கூட நேரம் என்னைத்தான் இறக்கப்போறாராம்."