செம்மறிக்குக் கிடைத்த சால்வை

மலைக்கு அப்பால் தாயை இழந்த இரண்டு குட்டிகள் மழையில் நடுங்குவதாகக் கழுதை வந்து செம்மறியிடம் சொன்னது. “அக்கா, உன் ரோமத்தைக் கொடு. இன்றே சுமந்துபோய்ப் போர்த்திவிடுகிறேன்.”

செம்மறி அதன் சேற்றுக் குளம்பைப் பார்த்தது. “உனக்குச் சங்கம் உண்டா தம்பி? மேடை உண்டா?”

“முதுகுதான் உண்டு.”

செம்மறி தன் ரோமத்தை நரியின் கருணைச் சங்கத்துக்குக் கொடுத்தது. மழை விடாத ஏழாம் நாள் பாராட்டு விழா நடந்தது. “வள்ளல் தாயே!” என்று நரி அதற்குச் சால்வை போர்த்தியது. சால்வையில் செம்மறியின் வாசனையே வீசியது.

“இது என் ரோமம் அல்லவா? குட்டிகளுக்கு?”

“அடுத்த விழாவில் பார்ப்போம். கைதட்டுகிறார்கள், கும்பிடுங்கள்.”

செம்மறி சால்வையோடு மலையைத் தாண்டி ஓடியது. அங்கே கழுதை ஒரு குட்டியை வயிற்றோடு அணைத்துப் படுத்திருந்தது. மற்றது அசையாமல் கிடந்தது.

“வந்துவிட்டாயா அக்கா? சால்வையால் அதன் முகத்தை மூடிவிடு” என்றது கழுதை.